ஈரப்பனியும் ஈரவைக்கோலும்

வயலில் நின்றுபோன ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் நீங்கள் கருவிப் பெட்டியோடு இறங்கியதும் கேட்கப்படும் முதற் கேள்வி, "எப்ப சரிவரும்?" என்பதுதான். அதற்கு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். "சரிவந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று எவரும் கேட்பதில்லை. அதை நாங்களேதான் எங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நெளுக்குளத்துப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, நீரிறைக்கும் இயந்திரம் முதல் ரக்ரர் வரை வன்னி முழுக்கத் திருத்தி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே எழுத நினைத்தேன். ஆணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நான் திரும்ப எழுதத் தேவையில்லை.

நான் சொல்லப்போவது நடந்தது, நாடெங்கும் டீசலுக்கு நின்ற வரிசைகள் ஓய்ந்த பிறகு வந்த காலபோகத்தில், அதாவது மாரிமழையில் விதைத்துத் தையில் அறுக்கும் போகத்தில். தைப்பொங்கல் நல்ல வெயிலோடு போனது. அடுத்த செவ்வாய்க்கிழமை மழை தொடங்கியது. ஒரேயடியாகக் கொட்டவுமில்லை, முற்றாக விடவுமில்லை. தைப்பூசத்துக்கு முந்திய கிழமை வரை அப்படியே இழுத்துக்கொண்டு போனது. மழை விழுந்த நாட்களைச் சுவர்க் கலண்டரில் குறித்துவைப்பது என் பழக்கம் என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

வயலெல்லாம் சேறு. அறுவடை இயந்திரம் இறங்கினால் புதைந்துவிடும். ஆகவே பலர் பழையபடி அரிவாளால் வெட்டி, கதிரை மேட்டு நிலத்தில் குவித்து வைத்தார்கள். அந்தக் குவியலைத்தான் சூடு என்கிறோம். உங்களில் பலருக்கு வயலில் சூடு நின்ற காலம் தெரியாது என்பதால் சொல்கிறேன். மழை விட்டதும் சூட்டின் பக்கத்தில் ஒரு களத்தைச் செதுக்கி, படங்கு எனப்படும் தார்ப்பாயை விரித்து, சூடடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒரு பக்கம் கதிரைக் கொடுத்தால் ஒரு வாயால் நெல் விழும், மறுவாயால் வைக்கோல் பறக்கும்.

மலரின் சூடு கனகராயன்குளத்திலிருந்து உள்ளே போகும் பாதையில், ஒரு சிறுகுளத்தின் கீழ் இருந்தது. மலருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் சிறுநீரக நோயாளி, வயலுக்கு இறங்கமாட்டார். விதைத்ததும் காவல் காத்ததும் வெட்டுவித்ததும் மலர்தான். ஆண்டு முழுவதற்குமான சோறும் அடுத்த விதைப்புக்கான நெல்லும் அந்த ஒரே சூட்டுக்குள் இருந்தன.

நான் போய் இறங்கியது ஒரு வியாழக்கிழமை காலை. மலர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"உள்ளுக்கை கையை வைச்சுப் பாருங்கோ அண்ணை."

சூட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே சூடாக இருந்தது. கொதித்து இறக்கிய பானையின் வயிற்றைத் தொட்டதுபோல. ஒரு பக்கத்தால் தண்ணீர் இறங்கிக் கதிர் புழுங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு நாள் விட்டால் நெல் முளை வெடித்துவிடும். முளைத்தது சோற்றுக்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது. அடுத்த தாழமுக்க மழை மறுநாள் பின்னேரம் வரும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பிரிச்சு வெயிலிலை காயவிடலாமே?" என்றேன்.

"எந்த வெயிலிலை?" என்றார் மலர், வானத்தைப் பார்க்காமலே.

இயந்திரம் யோகனுடையது. ஊரில் யோகன் வாயும் அவரது இயந்திரமும் ஒரே இரைச்சல் என்பார்கள். அவர்தான் என்னைத் தொலைபேசியில் அழைத்தவர். காய்ந்த வைக்கோலை அந்த இயந்திரம் பஞ்சாகப் பறக்கவிடும். ஈரவைக்கோல் என்றதும் எறியும் பகுதிக்குள் சுருண்டு, உருண்டு, அடைத்து நின்றுவிட்டது. நிறுத்தி, இழுத்து எடுத்து, மறுபடி ஓட்டி, மறுபடி அடைத்து, இப்படியே முதல்நாள் முழுவதும் போயிருக்கிறது. சூட்டின் தலைப்பாகம்கூடக் குறையவில்லை.

நான் நிற்கும்போதே ஒருமுறை அடைத்தது. யோகன் ரக்ரரை நிறுத்திவிட்டு, எறியும் வாய்க்குள் கையை விட்டு ஈரவைக்கோலைப் பிடித்து இழுத்தார். கட்டு அவிழ்ந்ததும் உள்ளே தகடு ஒரு பாதிச் சுற்றுச் சுற்றியது. சட்டைக் கையைப் பிடித்து இழுத்தது. கிழிந்த துணியோடு அவர் பின்னால் விழுந்தார். கைக்கு ஒன்றுமில்லை.

"மெசினும் பொங்கலுக்குச் சேட்டுக் கேக்குது போலை" என்று சொல்லிக்கொண்டு எழும்பினார். சிரித்தவர்கள் சிலர். மலர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

எஞ்சின் நின்றிருந்தது என்பதைக் கவனியுங்கள். பெல்ட் இழுபட்ட நிலையில் இறுகி நிற்கும்போது அதற்குள் ஒரு விசை ஒளிந்திருக்கிறது. அடைப்பு எடுபட்டதும் அந்த விசை தன் வேலையைக் காட்டும். அப்படிக் கைபோனவர்கள் இருவரை எனக்குத் தெரியும். இருவரும் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் கையை விட்டவர்கள். இயந்திரம் மாலைவரை இன்னும் எத்தனை தரம் அடைக்கும், எத்தனை தரம் ஒரு கை உள்ளே போகும் என்பதே எனக்கு அப்போது பெரிய யோசனையாக இருந்தது.

கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி அதற்கு முந்திய கிழமை ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். வீட்டு முற்றத்துப் பனியை வாரி எறியும் இயந்திரம் ஒன்று அவனிடம் உண்டு. அதைக் கழற்றி ஏதோ செய்துவிட்டுப் பெருமைக்காக அனுப்பியது. அப்போது சும்மா பார்த்துவிட்டு விட்டிருந்தேன். களத்து ஓரத்தில் நின்று அதை மறுபடி பார்த்தேன். பிறகு அவனுக்கே அழைத்தேன். அங்கே இன்னும் முதல்நாள் இரவு. படுக்கப் போகமுன் முற்றத்துப் பனியை அள்ளிக்கொண்டிருந்தான்.

"காய்ஞ்ச பனி எண்டாப் பிரச்சினையில்லை அண்ணை. மாவு மாதிரிப் பறக்கும்" என்றான். "ஈரப்பனி கஞ்சி. எறியிற தகட்டுக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையிலை விரல் போற இடைவெளி இருக்கெல்லே, அதுக்குள்ளை அப்பிப்போய் நிண்டிடும். நான் ரயர் ரப்பரை வெட்டி ஒவ்வொரு தகட்டிலையும் பூட்டினன். இப்ப கூட்டைத் தடவிக்கொண்டு வழிச்சு எறியுது. நேற்று பக்கத்து வீட்டுக்காரன்ரை காருக்கு மேலை போய் விழுந்து, அவன் நிண்டு கத்தினவன்."

யோகனின் இயந்திரத்தைத் திறந்து பார்த்தேன். அதே தகடு, அதே இடைவெளி. அதற்குள் நசிந்த ஈரவைக்கோல் கயிறுபோலத் திரிந்து கிடந்தது. நோய் ஒன்றுதான் என்று முடிவெடுத்தேன். யோகன் வீட்டில் கிடந்த பழைய லொறி ரயரை வெட்டி, நான்கு தகடுகளிலும் துளையிட்டுப் பூட்டினோம். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

இடையில் அன்ரனி வந்து சேர்ந்தார். முல்லைத்தீவுக் கரைக்காரர். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருப்பதால் அறுவடை வேலைக்கு உள்ளே வந்திருந்தார். சூடடிக்கும் களம் ஒன்றில் அவர் நிற்பது அதுதான் முதற்தடவை. மலர் அவரைக் களத்து விளிம்பிலேயே மறித்தார்.

"தம்பி, செருப்பைக் கழட்டிப்போட்டு வாங்கோ. உள்ளுக்கை நிக்கேக்கை 'இல்லை', 'போச்சு', 'முடிஞ்சுது' எண்டு ஒண்டும் வாயிலை வரக்கூடாது. நெல்லைப் பொலி எண்டுதான் சொல்ல வேணும்."

"நாங்களும் கடலிலை அப்பிடித்தான் அக்கா. சில கதை வள்ளத்துக்கை கதைக்கமாட்டம்" என்றார் அன்ரனி.

இந்த வழக்கத்தைப் பற்றி நான் நிறைய வாசித்திருக்கிறேன். வெள்ளைக்காரர் காலத்து அதிகாரிகள் எழுதிவைத்த பழைய குறிப்புகளில்கூட வருகிறது. களத்தில் குறைவைச் சொன்னால் குறைவு வந்துவிடும் என்பது நம்பிக்கை. இயந்திரம் வந்தபின் பல களங்களில் அது கைவிடப்பட்டுவிட்டது. மலர் விடவில்லை. சுவாரசியமான விடயம் என்று மனதில் குறித்துக்கொண்டு, ஆணியை இறுக்கப் போய்விட்டேன். அதற்கும் என் வேலைக்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கவில்லை.

ஓட்டினோம். நான் வாழ்க்கையில் செய்த எந்தத் திருத்தமும் அவ்வளவு அழகாக வேலை செய்ததில்லை. ஈரவைக்கோல் ஒரு வளைவாக எழுந்து, களத்தைத் தாண்டி, வேலியைத் தொடும் அளவுக்குப் போய் விழுந்தது. அடைப்பே இல்லை. கதிர் கொடுத்தவர்கள் கூவினார்கள்.

"அண்ணை, இன்னுங் கொஞ்சம் முறுக்கினா பளைக்குப் போய் விழும்!" என்று, பல மைல் தள்ளியிருந்த ஊரைச் சொல்லி, யோகன் இரைச்சலுக்கு மேலால் கத்தினார்.

நானும் வைக்கோல் போகும் தூரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நெல் விழும் வாயடியில் மலர் சாக்குப் பிடித்தபடி நின்றார். சாக்கு நிரம்புவது சற்று மந்தமாக இருந்தது கண்ணில் பட்டது. ஈரநெல், உள்ளே ஒட்டிப்பிடிக்கும், மெதுவாகத்தான் விழும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அனுபவம் கூடக்கூட இந்த விளக்கங்கள் கைவசம் தயாராக இருக்கும். கவனமாக இருங்கள்.

தேநீருக்கு எல்லோரும் களத்தை விட்டு வெளியே வந்து வரம்பில் குந்தினோம். வைக்கோல் விழும் பக்கத்தில் நின்று, நுனி இரண்டாகப் பிரிந்த கவர்த்தடியால் ஒதுக்கிக்கொண்டிருந்தவர் அன்ரனி. பிளேன்ரீயை இரண்டு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? தெரியாமத்தான் கேக்கிறன். இஞ்சை வைக்கோலோடை நெல்லையும் சேத்து மாட்டுக்குப் போடுறதோ வழக்கம்?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?" என்றார் யோகன்.

"இல்லையண்ணை, என்ரை தலை, தோள், சேட்டுப் பொக்கற் எல்லாம் நெல்லு. பாருங்கோ." பொக்கற்றுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துக் காட்டினார்.

"அப்ப இவ்வளவு நேரமும் ஏன் சொல்லேல்லை?"

"அக்காதானே சொல்லக்கூடாது எண்டவா."

நான் மலரைப் பார்த்தேன்.

"எனக்கும் விளங்கினதுதான்" என்றார் மலர். "சாக்குக்கை விழுறது காணாது. வாயைத் திறந்தா உள்ளதும் போயிடும் எண்டு நிண்டனான். நீங்கள் வேறை அவ்வளவு சந்தோசமாய் நிக்கிறியள்."

எழுந்து போய் வேலியோரம் கிடந்த வைக்கோலில் ஓர் அணைப்பை, இரு கைக்குள் அடங்குமளவு, எடுத்து, படங்கில் உதறினேன். நெல் மழைபோல விழுந்தது. பதரல்ல, முற்றிய மணி.

காரணம் விளங்க நேரமெடுக்கவில்லை. ரப்பர் இடைவெளியை அடைத்ததும் தகடு வைக்கோலை மட்டும் எறியவில்லை. காற்றையும் சேர்த்து இழுத்தது. கதிரிலிருந்து உதிர்ந்த மணி கீழே விழுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. வைக்கோலோடு அதுவும் போனது. என் தம்பியின் இயந்திரத்தில் இந்தப் பிரச்சினை வரவே வராது. பனியை எறிந்துவிட்டால் வேலை முடிந்தது. எறிந்ததற்குள் ஒருவரும் எதையும் தேடுவதில்லை. இரண்டு இயந்திரத்துக்கும் நோய் ஒன்றுதான் என்று பார்த்தேனே தவிர, இரண்டும் எதற்காக எறிகின்றன என்று பார்க்கவில்லை.

வடகீழ்ப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. யோகன் இரண்டு வழி சொன்னார்.

"ரப்பரைக் கழட்டுவம். அடைச்சா அடைக்கட்டும், நான் கையாலை இழுக்கிறன். இல்லாட்டி உப்பிடியே ஓட்டுவம். போறது போக, மிச்சத்தை எண்டாலும் மழைக்கு முதல் எடுத்திடலாம்."

முதல் வழியில் அவரது கை. இரண்டாவது வழியில் மலரின் நெல். இதுபோன்ற நேரங்களில் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். எதையாவது உடனே சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடிக்கும். நான் சொன்னது ஒன்றுதான்: "ஆறின தேத்தண்ணியைக் குடிச்சு முடிப்பம்." அந்த நேரத்தை நான் வீணாக்கவில்லை. அதற்குள் ஒவ்வொருவராகக் கேட்டேன். களத்துக்கு வெளியே இருந்ததால் எல்லோரும் சொன்னார்கள். கதிர் கொடுத்தவர்கள், கட்டுக் கட்டாகத் திணித்ததாகச் சொன்னார்கள். அடைக்காத உற்சாகத்தில் யோகன் எஞ்சின் வேகத்தைக் கூட்டியதை அவரே ஒப்புக்கொண்டார். முதல் சாக்கு நன்றாக நிரம்பியது, வேகம் கூட்டிய பிறகுதான் மந்தமானது என்றார் மலர். எனக்குத் தேவையானது அதற்குள் இருந்தது.

"மலர், இது உங்கடை நெல்லு. நான் நினைக்கிறதைச் சொல்லுறன், முடிவு நீங்கள்தான் சொல்ல வேணும்" என்றேன். "ரெண்டு தகட்டிலை ரப்பரைக் கழட்டுவம். மற்ற ரெண்டிலையும் ஓரத்தைக் குறைச்சு வெட்டுவம். வேகத்தைக் குறைச்சு, கதிரைக் கொஞ்சங் கொஞ்சமாய்க் குடுப்பம். நெல்லுப் போறது நல்லாய்க் குறையும். ஆனா இடைக்கிடை அடைக்கும். சூடு முழுக்க முடியும் எண்டு வாக்குத் தரமாட்டன்."

"அடைச்சா?"

"அடைச்சா ரக்ரரை நிப்பாட்டி, திறப்பை உருவி உங்களிட்டைத் தர வேணும். பெல்டைத் தளர்த்தி, தடியாலைதான் எடுக்கிறது. வேலை செய்தவர் வெளியிலை வந்த பிறகுதான் நீங்கள் திறப்பைத் திருப்பிக் குடுக்கலாம்."

"என்ரை ரக்ரர்த் திறப்பு அக்காவிட்டையோ!" என்றார் யோகன், சாவியைப் பொத்திப் பிடித்தபடி.

"சேட்டுக் கிழிஞ்சதோடை நிண்டுதெண்டு சந்தோசப்படு" என்றார் மலர். "கையுமில்லாமல் போய் உன்ரை மனுசிக்கு நான் என்ன சொல்லுறது? அண்ணை, உங்கடை மாதிரியே செய்யுங்கோ."

ரப்பரைக் கழற்றி வெட்டிப் பூட்டினோம். இந்தத் தடவை நான் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கவில்லை. ஒரு படங்கை எடுத்துக்கொண்டு வைக்கோல் விழும் பக்கம் போய் அன்ரனியோடு நின்றேன். விழுவதில் ஓர் அணைப்பை எடுத்து உதறுவது, எண்ணக்கூடிய மணிகள் மட்டும் விழுந்தால் கையைக் காட்டுவது, கூடினால் வேகத்தைக் குறைக்கச் சொல்வது, இதுதான் மாலைவரை என் வேலை. வைக்கோல் இப்போது வேலிவரை போகவில்லை. கால்மாட்டிலேயே விழுந்து குவிந்தது. பார்க்க ஒரு அழகுமில்லை. கூவ ஒருவருமில்லை.

அடைத்தது. ஒவ்வொரு தடவையும் யோகன் முணுமுணுத்தபடி திறப்பை உருவி, களத்து விளிம்பில் நின்ற மலரின் கையில் கொடுத்தார். மலர் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துவைத்தார். ஒருமுறை அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே மழைத்துளி விழுந்தது. "அக்கா, கெதியாத் திறப்பைத் தாங்கோ, மழை!" என்று கதிர் கொடுத்தவர்களில் ஒருவர் ஓடிவந்தார். அன்ரனியின் தடி அப்போதும் உள்ளே இருந்தது. மலர் முடிச்சில் கையை வைத்தபடி அசையாமல் நின்றார். அன்ரனி வெளியே வந்து கையைத் தூக்கிக் காட்டிய பிறகே முடிச்சை அவிழ்த்தார். நனைந்துகொண்டிருந்தது அவரது நெல். அந்த நிலையில் அவசரப்படாமல் நின்ற ஒரு மேற்பார்வையாளரை என் முழுச் சேவைக்காலத்திலும் நான் வேறு காணவில்லை.

அந்தத் துளி பெரிதாகவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலையும் ஓட்டினோம். மத்தியானம் தாண்டி மழை சொன்னபடி வந்தபோது, சூட்டின் அடித்தட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. அது முன்னரே தண்ணீரில் ஊறி முளைவிட்டிருந்தது. அதை விட்டுவிட்டு, சாக்குகளையெல்லாம் யோகனின் ரக்ரர் இழுக்கும் பெட்டியில் ஏற்றி, மலர் வீட்டு விறாந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். புறப்படுமுன் மலரும் அன்ரனியும் மழையில் நனைந்தபடி, வேலியோரம் பறந்து கிடந்த முதல்நாள் வைக்கோலை வாரிக் குவித்து, மிஞ்சிய படங்குகளால் மூடிக் கல் வைத்தார்கள். மாட்டுக்குத்தான் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் எறித்தது. ரப்பர் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க யோகனிடம் போய்விட்டு, இருவருமாக மலரின் வயலுக்குப் போனோம். களத்தில் படங்கு விரித்திருந்தது. மலரும் அன்ரனியும் அந்த வைக்கோலை அணைப்பு அணைப்பாக எடுத்து, கவர்த்தடியால் அடித்து உதறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் நல்ல நெல் காய்ந்தது. முளைவிட்டது தனியாகக் கோழிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நல்லதும் கணிசமாகவே இருந்தது.

"வாங்கோ அண்ணை" என்றார் மலர். "நீங்கள் எறிஞ்சதைத்தான் பொறுக்கிக்கொண்டு நிக்கிறம்."

அன்ரனி ஒரு தடியை என்னிடம் நீட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். யோகனும் இறங்கினார். வைக்கோலை அடித்து உதறுவது தோளை முறிக்கும் வேலை. பின்னேரம் வரை அடித்தோம். இயந்திரத்தின் வாயில் ஒரு நொடியில் பறந்ததை எடுக்க எங்கள் நால்வருக்கும் ஒரு பகல் போதவில்லை.

தடியை வேலியில் சாத்திவிட்டு வரம்பில் வந்து குந்தியபோது, அடுத்த போகத்துக்கு அந்த ரப்பர் வேண்டாமா என்று மலரிடம் கேட்டேன்.

"ஏன் வேண்டாம்? நல்ல சாமான்தானே. அது இல்லாட்டி இவ்வளவும் சூட்டோடை அவிஞ்சிருக்கும்" என்றார். பிறகு தலையைத் திருப்பி யோகனைப் பார்த்தார். "ஆனா முதல் என்ரை வயலிலை வேண்டாம். மெசின்காரன்ரை வயல் ஒண்டு இருக்கெல்லே, அதிலை போட்டுப் பாருங்கோ."

"என்ரை நெல்லிலையோ அக்கா!" என்றார் யோகன்.

"ஓம். உன்ரைதான்."

அடுத்த போகத்தில் அப்படித்தான் செய்தோம். யோகன் அன்று முழுவதும் ரக்ரரில் ஏறவேயில்லை. ஓட்டும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, வைக்கோல் விழும் பக்கத்தில் ஒரு படங்கோடு நின்றார்.